நின்ற பிறகு நகர்ந்த வண்டி

"என் தம்பி பொய் சொல்றான் மேடம். யாருக்காகச் சொல்றான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் கொடுங்க."

வந்த பெண்மணி உட்காரவே இல்லை. எங்கள் ஆபீஸில் வருகிறவர்களுக்கென்று இருக்கும் ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அது ஆடாமல் இருக்கக் காலுக்கடியில் அட்டையும் மடித்து வைத்தேன். அவர் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலுக்குப் போனார். பிறகு கதவுக்கு. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கால் வலித்தது.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. துப்பறிகிறவர் என் அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நசுங்கின வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், மேனேஜரோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து இந்தக் கடையைத் திறந்தார். நான் அவருக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன், கொழுந்தன். இதில் கடைசி உத்தியோகத்துக்கு மட்டும்தான் ஒழுங்காகச் சாப்பாடு கிடைக்கிறது. அண்ணன் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் வெளியே சுற்றுவதால்.

"என்ன பொய் சொல்றார்?" என்றார் அண்ணி.

"வண்டியை வேகமா ஓட்டினேன்னு சொல்றான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊர் உலகத்துல எல்லாரும் மெதுவாத்தான் போனேன்னு பொய் சொல்லுவாங்க. உங்க தம்பி மட்டும் உல்டாவா?"

"அதான் எனக்கும் புரியலை!" என்று என் பக்கம் திரும்பினார். "கூட வேலை செய்யறவங்க அவனுக்கு வெச்சிருக்கிற பேரே ஆமை. சைக்கிள்காரன்கூட அவனை முந்திட்டுப் போவான். அவன் போய் வேகமா ஓட்டினானாம்!"

விஷயம் இதுதான். இந்த அக்கா வேலை செய்வது பெரிய பால் பண்ணை ஒன்றில், எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்யும் அனுப்புதல் பிரிவில். தம்பி அதே பண்ணையில் டேங்கர் லாரி டிரைவர். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொழிற்சாலைக்குப் பால் கொண்டுபோகிறவன். முந்தாநாள் மலை வளைவு ஒன்றில் டேங்கர் கவிழ்ந்துவிட்டது. அங்கே சாலை செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் அடியில் மாட்டிக்கொண்டு இறந்துபோனார். தம்பிக்கு விலா எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தப்பு என்னுடையதுதான், வேகமாக ஓட்டினேன் என்று போலீசிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான். நாளைக்கு மாஜிஸ்திரேட் வந்து அதையே எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டால் அவன் ஜெயிலுக்குப் போவது நிச்சயம்.

"குடிச்சிருந்தாரா?" என்று அண்ணி கேட்டார்.

"குடிக்கவே மாட்டான். ரத்தத்தைப் பார்த்துட்டு டாக்டரே சொல்லிட்டார். அம்மா போனப்போ அவன் கைக்குழந்தை மேடம். நான்தான் வளர்த்தேன். முதுகு வலின்னு ரெண்டு வாரம் படுத்திருந்துட்டு, அன்னைக்குத்தான் மறுபடி வேலைக்கு வந்தான். பார்த்துப் பார்த்துத்தான் அனுப்பி வெச்சேன்." மறுபடி ஜன்னலுக்குப் போனார். "யாரையோ காப்பாத்தறான். அது யாருன்னு தெரிஞ்சா, அந்த ஆளைச் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்துவேன்."

"அவர் ஒத்துக்கிட்டதைத் தவிர போலீஸ்கிட்ட வேற என்ன இருக்கு?"

"மலை அடிவாரத்துல ஒரு செக்போஸ்ட். அங்கேயே குறுக்குக் கட்டையில கொண்டுபோய் முட்டினானாம். காவலாளி சாட்சி சொல்லியிருக்கான்."

அண்ணி எழுந்துவிட்டார். அவர் அப்படிச் சட்டென்று எழுந்தால் எனக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம்.

செக்போஸ்ட் காவலாளி ஒல்லியாக இருந்தார். அவருடைய கூண்டு அவரைவிட ஒல்லி. இந்தக் கதையை அவர் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லியிருக்கவேண்டும், நன்றாக மெருகேறியிருந்தது.

"புயல் மாதிரி வந்தான் மேடம்! நேரா வந்தான், டமார்னு கட்டையில முட்டினான்!"

"புயல் உங்ககிட்ட அனுமதிச் சீட்டை நீட்டுச்சா?" என்றார் அண்ணி.

"நீட்டினான்."

"ஓடுற வண்டியில இருந்தா?"

காவலாளி கொஞ்சம் யோசித்தார். "இல்லை. நின்னுட்டுத்தான் நீட்டினான்."

"அப்போ வண்டி நின்னுடுச்சு."

"நின்னுச்சு. நின்னுட்டு அப்புறம் போய் முட்டிச்சு."

"ஏன் மேடம் கேக்கறாங்கன்னா," என்று நான் இடையில் புகுந்தேன், "புயல் பொதுவா நின்னு, சீட்டைக் காட்டிட்டு, அப்புறம் அடிக்கிற வழக்கம் இல்லை."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"முட்டறதுக்கு முன்னாடி எஞ்சின் உறுமிச்சா? ஆக்ஸிலரேட்டரைத் தெரியாம மிதிச்சிருப்பாரா?"

"சத்தமே இல்லை மேடம். அதான் எனக்கும் ஆச்சரியம். சீட்டை வாங்கக் கை நீட்டறேன், ஜன்னல் என் கையைத் தாண்டிப் போகுது. யாரோ பின்னாடி இருந்து தள்ளின மாதிரி. லேசா மழை தூறிட்டு இருந்துச்சு, தரை ஈரம்."

"பின்னாடி சிவப்பு விளக்கு எரிஞ்சுதா?"

"பிரேக் லைட்டா? எரிஞ்சுது. கூண்டுக் கண்ணாடி முழுக்கச் சிவப்பா இருந்துச்சு."

"எப்போ வரைக்கும்?"

"கட்டையில முட்டற வரைக்கும். முட்டின பிறகும்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். தான் என்ன சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. பிரேக்கை மிதித்த கால் எடுக்கப்படவே இல்லை. ஆனாலும் வண்டி போயிருக்கிறது.

"இதைப் போலீஸ்கிட்ட சொன்னீங்களா?"

"முட்டிச்சான்னு கேட்டாங்க. முட்டிச்சுன்னேன். வேற ஒண்ணும் கேக்கலையே."

"டிரைவர் ஏதாவது பேசினாரா?"

"என்னைவிட அவன்தான் வெலவெலத்துப் போயிட்டான். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு 'ஐயோ, அக்கா'ன்னான். எல்லாரும் அம்மான்னு கத்துவாங்க, இவன் அக்காங்கறானேன்னு நினைச்சேன். அப்புறம் இறங்கிக் கட்டையைத் தொட்டுப் பார்த்து மன்னிப்புக் கேட்டுட்டு, ரொம்ப மெதுவா மலை ஏறினான். மாட்டு வண்டி தோத்துப் போகும்."

காருக்குத் திரும்பும்போது என் மூளை பரபரவென்று வேலை செய்தது. "அண்ணி, பிரேக் கெட்டுப்போயிருக்கு. பண்ணை முதலாளி ரிப்பேர் பண்ணாம விட்டிருக்கார். அவரைக் காப்பாத்தத்தான் தம்பி பொய் சொல்றான். கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போகலாமா?"

"பிரேக் கெட்டுப்போன வண்டி நிக்காது. இது நின்னுது. நின்ன பிறகு போச்சு." சாலையின் எதிர்ப்புறத்தை அவர் உற்றுப் பார்த்தார். அங்கே ஒரு தண்ணீர் வியாபாரி தள்ளுவண்டியில் படுக்கைவாட்டில் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயைக் கட்டி வைத்திருந்தார். "ஏன்டா, உனக்கு வண்டி தள்ளத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கவேண்டும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் நின்றது என் தப்புதான்.

முதலில் பீப்பாய் நிறையத் தண்ணீர். கனம் முதுகெலும்பில் தெரிந்தது. "ஓடு" என்றார் அண்ணி, ஓடினேன். "நில்" என்றார், இழுத்துப் பிடித்தேன், நின்றது. ஒரு செங்கல்லைத் தரையில் வைத்து, அதை இடதுபக்கம் விட்டு வலதுபக்கமாக ஒடித்துப் போகச் சொன்னார். வண்டி முனகிக்கொண்டே ஒழுங்காகப் போயிற்று.

பிறகு பாதித் தண்ணீரைக் கீழே திறந்துவிடச் சொன்னார். வியாபாரி முகம் சுருங்கியது, முழுப் பீப்பாய்க்கும் காசு கொடுத்துவிடுகிறோம் என்றதும் விரிந்தது. எனக்கும் சந்தோஷம்தான், பாரம் பாதியாகிவிட்டதே.

"ஓடு."

ஓடினேன். பூ மாதிரி இருந்தது.

"நில்!"

நின்றேன். வண்டியும் என்னோடு நின்றது. ஒரு மூச்சு விடுவதற்குள் பீப்பாய்க்குள் தொம் என்று ஒரு சத்தம். கைப்பிடி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் எங்கள் காரின் பின்பக்கத்தில் முட்டியது.

"அண்ணி! அண்ணன் என்னைக் கொன்னுடுவார்!"

"அதை அப்புறம் பார்க்கலாம். இப்போ செங்கல்."

செங்கல்லை நெருங்கினேன். வலதுபக்கம் ஒடித்தேன். சக்கரங்கள் சொன்னபடி கேட்டன. உள்ளே இருந்த தண்ணீர் கேட்கவில்லை. அத்தனையும் ஒரே பாய்ச்சலாக இடதுபக்கம் போயிற்று, அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் மேல் வண்டி சாய்ந்தது, நான் பிடிக்கப் பிடிக்கக் கவிழ்ந்தது. எந்தச் செங்கல்லை விட்டு ஒதுங்கினேனோ அதன் மேலேயே போய் விழுந்தது.

தொப்பலாக நனைந்துபோய் எழுந்தேன். கிண்டல் ஒன்று நுனி நாக்கு வரை வந்தது. செங்கல் இருந்த இடத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

"வண்டி நின்னுடுது, உள்ள இருக்கிறது நிக்கறதில்லை" என்றார் அண்ணி. "முழுசா ரொப்பினா பாலுக்கு நகர இடமே கிடையாது, அது வண்டியோட ஒட்டிக்கிட்டு வரும். பாதி இருந்தா ஓடி வந்து முட்டும். பெட்ரோல் டேங்கர்ல உள்ளே குறுக்கே தடுப்புத் தகடு இருக்கும், அது கொஞ்சம் அடக்கும். பால் வண்டியில அதுவும் வைக்க மாட்டாங்க. மூலையில பால் ஒட்டிக்கிட்டா கழுவ முடியாது, புளிச்சுடும். அன்னைக்கு அந்த டேங்கர் பாதிதான் நிறைஞ்சிருந்தது."

"ஆகா! பாலைத் திருடிட்டாங்க!" என் மூளை மறுபடி கிளம்பிவிட்டது. "பண்ணையில ஒரு கும்பல். பாதி பாலை இறக்கி வித்துட்டாங்க. தம்பியை மிரட்டி வெச்சிருக்காங்க. விடக்கூடாது அண்ணி!"

அண்ணி காரைப் பண்ணைக்கு விடச் சொன்னார். நான் வேகமாக ஓட்டினேன், அவர் வழக்கம்போல் திட்டவும் இல்லை. பண்ணை வரும் வரைக்கும் விரல் நகத்தால் கதவைச் சுரண்டிக்கொண்டே வந்தார். அவருக்கு ஏதோ தட்டுப்பட்டுவிட்டது, அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பால் நிரப்பும் கொட்டகையில் தரை முழுவதும் ஈரம். வெந்நீரும் சோப்பும் கலந்த வாசனை. ஒரு டேங்கரின் முதுகில் ஏறி நின்று, யானைத் தும்பிக்கை போன்ற குழாயை மூடிக்குள் விட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். எல்லாரும் அவரை பூட்ஸ் என்றே கூப்பிட்டார்கள்.

நான் திருடனைப் பிடிக்கிற தோரணையில் முன்னால் போனேன். "அன்னைக்கு ஆமை ஓட்டின வண்டியில பாதி பால் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலையே" என்றார் பூட்ஸ், ஏணியில் இறங்கிக்கொண்டே. "அடுத்த வண்டியில போச்சு."

"அப்படின்னா?"

"பாதி லோடுதான் ஏத்தச் சொன்னாங்க. மிச்சத்தைப் பின்னாடி போன வண்டிக்கு மாத்திட்டோம். ஆமைக்குத் தெரியாது, அவன் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். வந்தான், மூடி போட்டிருந்துச்சு, எடுத்துட்டுக் கிளம்பிட்டான்."

"யார் சொன்னது?" அண்ணியின் குரல் மெதுவாக இருந்தது. பதில் அவருக்கு முன்பே தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆபீஸ்ல இருந்துதான். அவங்க அக்காவே போன் பண்ணாங்க. தம்பிக்கு முதுகு வலி, இன்னைக்குத்தான் எழுந்து வந்திருக்கான், பாரம் குறைச்சலா இருந்தா வண்டி சொன்னபடி கேக்கும், பாதி மட்டும் ஏத்துங்கன்னாங்க. அவன்கிட்ட சொல்லவேண்டாம், கோவிச்சுக்குவான்னாங்க. இந்தப் பண்ணையில வண்டி எப்பவும் முழுசாத்தான் போகும், பாதி அனுப்பினதே கிடையாது. கூடப் பொறந்தவ மனசு, சரின்னு செஞ்சேன்." எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஏன் மேடம்? பாரம் குறைஞ்சா நல்லதுதானே?"

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பாதிப் பீப்பாயைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான். அண்ணி அவருக்கு நன்றி மட்டும் சொன்னார்.

காரில் ஏறியதும் நான் கதவைக்கூடச் சாத்தவில்லை. "அண்ணி, சொல்லாதீங்க."

"சொல்லலைன்னா அவன் ஜெயிலுக்குப் போவான்."

"சொன்னா அந்த அக்கா உயிரோட இருந்தும் இல்லாத மாதிரிதான். சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்னாங்களே, யார் சட்டையை இழுப்பாங்க? 'ஐயோ, அக்கா'ன்னப்பவே தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சும் சொல்லவேண்டாம்னு முடிவு பண்ணிட்டான். நாம யாரு அதை உடைக்க?"

"வண்டியை எடு."

"அண்ணி..."

"எனக்கும் பிடிக்கலைடா. எடு."

ஆஸ்பத்திரி நடையில் அந்த அக்கா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். தம்பியின் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர், அவரோடு சேர்ந்து தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்துப்போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் அக்கா ஓடி வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சுட்டீங்க. மூஞ்சியிலேயே தெரியுது. சொல்லுங்க. யாருக்காக?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"உங்களுக்காக" என்றார் அண்ணி.

சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பு விளக்கு, பீப்பாய், செங்கல். பாதி நிறைந்த வண்டி முழு வண்டியைவிட மோசம் என்று சொல்லும்போதே அந்த அக்காவின் பிடி தளர்ந்துவிட்டது. பூட்ஸ் சொன்னதைச் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. "குறைச்சலா இருந்தா... குறைச்சலா இருந்தா நல்லதுன்னு..." என்று இரண்டு தடவை ஆரம்பித்து, இரண்டு தடவையும் முடிக்க முடியாமல், அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவரைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு எழுந்து நேராக அறைக்குள் போனார். நாங்களும் போனோம்.

ஆமை மார்பு முழுக்கக் கட்டோடு படுத்திருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். "நான் வேகமாத்தான் போனேன்க்கா" என்று அவசரமாக ஆரம்பித்தான். "யார் என்ன சொன்னாலும் நம்பாதே. வேகமாத்தான் போனேன்."

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

அவன் போர்வை நுனியை இழுத்து முறுக்கினான்.

"டேய். எப்போ?"

"செக்போஸ்ட்ல." அழுகையை அடக்கினான். அடக்கும்போது விலா வலித்து முகம் கோணியது. "பிரேக் போட்டதும் பின்னாடி இருந்து பால் வந்து மோதிச்சு பாரு, அப்பவே தெரிஞ்சுது, பாதிதான் ஏத்தியிருக்கு, என் முதுகுக்காக நீ பண்ணின வேலைன்னு. நான் திரும்பி வந்திருக்கணும்க்கா. திரும்பினா, ஏன் பாதி ஏத்தினேன்னு உன்னைத்தான் எல்லாரும் கேப்பாங்க. மெதுவாப் போனா சமாளிச்சுடலாம்னு போனேன். மெதுவாத்தான்க்கா போனேன். வளைவுல அந்த ரோடு வேலைக்காரர் கொடியைக் கையில வெச்சுக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டார். வலதுபக்கம் ஒடிச்சேன். வண்டி திரும்பிச்சு, பால் திரும்பலை. அவர் பக்கமே இழுத்துட்டுப் போயிடுச்சு."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"நீ நல்லது நெனச்சுத்தானே செஞ்சே. அதனால ஒரு உசிரு போச்சுன்னு உனக்குத் தெரியவே கூடாதுன்னு நினைச்சேன். நான் ஜெயிலுக்குப் போனாலும் திரும்பி வந்துடுவேன். உனக்கு இது போகாதுக்கா."

அந்த அக்கா அவன் நெற்றியை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். பிறகு வாசலைப் பார்த்து, "சார், உள்ளே வாங்க" என்று போலீஸ்காரரைக் கூப்பிட்டார். "உங்க இன்ஸ்பெக்டரை வரச் சொல்லுங்க. பாதி பால் ஏத்தி அனுப்பச் சொன்னது நான். அவன் வேகமா ஓட்டலை. வண்டி ஏன் கவிழ்ந்துதுன்னு இந்த மேடம் சொல்லுவாங்க."

"அக்கா! சும்மா இரு! சார், அவங்க சொல்றதை எழுதாதீங்க!"

"நீ பேசாதே." குரல் உயரவே இல்லை. போலீஸ்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா அண்ணியிடம் திரும்பினார். "அந்த ரோடு வேலைக்காரர் வீடு எங்கே இருக்கு, தெரியுமா?"

காலையிலிருந்து அவரைப் பற்றி இந்த அக்கா ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கேட்கவில்லை. அண்ணிக்குத் தெரிந்திருந்தது. "மலைக்கு அந்தப் பக்கம். மனைவியும் ரெண்டு பொண்ணுங்களும்."

"எவனோ தறிகெட்டு ஓட்டிக்கிட்டு வந்து கொன்னுட்டான்னு அவங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. அது பொய். நான்தான் போய்ச் சொல்லணும். இன்ஸ்பெக்டர் வந்து எழுதி முடிச்சதும் என்னை அங்கே கூட்டிட்டுப் போறீங்களா?"

ஆமை கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். "போகாதேக்கா. அவங்க இருக்கிற நிலைமையில உன்னை அடிப்பாங்க."

அவர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"அடிக்கட்டும்டா" என்றார்.